கடுதாசிக் காசு

காசிராஜன் தன் கடைசி மகள் முத்துசெல்விக்கு இருபத்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். அவர் வாயால் அதைக் கடன் என்று சொன்னது கிடையாது. மகளும் கேட்டது கிடையாது. ஆனாலும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தத் தொகை வட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடன் என்ற சொல்லே ஆகாத ஆள் அவர். புதூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஆறு வெள்ளாட்டோடு பிழைப்பைத் தொடங்கினார். மூணாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை இருக்கவில்லை. ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமலே வயசு சொல்கிறவர் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான். அந்தக் கண்ணை வைத்தே ஆடு வாங்கி விற்று, டவுனில் இடம் வாங்கி, மூணு பெண்மக்களையும் கட்டிக்கொடுத்தார். ஆளுக்குப் பதினைஞ்சு பவுன். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு வீடு. பவுன் போடுகிற தகப்பன் தெருவுக்கு நாலு பேர் இருப்பான். வீடு கட்டிக்கொடுத்த தகப்பன் எங்கே இருக்கிறான், காட்டுங்கள் பார்ப்போம். இதைச் சொல்லும்போது அவர் துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

கடன் வந்தது வீட்டால் இல்லை. வீடு கட்ட சர்க்காரிடம் வாங்கிய அனுமதியால் வந்தது.

தொண்ணூற்று மூணாம் வருசம் மூத்தவள் இசக்கிசெல்விக்கு நிச்சயம் பேசினார்கள். ரெண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த சபையில் காசிராஜன் ஒரு சட்டம் சொன்னார்.

"அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறதுல இருந்து வாசக்கதவுப் பூட்டு வரைக்கும் என் துட்டு. சர்க்கார்ட்ட வாங்குற கடுதாசி மட்டும் மாப்பிள்ளை துட்டு. நாளைக்கு இது மாமனார் வீடுன்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது பாருங்க. அவர் துட்டும் அதுல ஒரு ஓரத்துல இருக்கணும். மூணு மக்களுக்கும் இதே சட்டம்தான்."

"மாப்பிள்ளை மரியாதையையும் சேத்துல்லா காப்பாத்துதாரு" என்றார் ஒரு பெரியவர். அந்த ஒரு வார்த்தை வருசக்கணக்காகக் காசிராஜன் காதில் இனித்துக் கிடந்தது. சட்டம் போடுகிறவன் எங்கே நின்று போடுகிறான் என்பதை அன்றைக்கு அவரும் யோசிக்கவில்லை, சபையும் யோசிக்கவில்லை. அவர் நின்றது கிராமத்தில்.

மூத்தவளுக்கு வீடு எழும்பியது புதூரை ஒட்டிய ஒரு கிராமத்தில்தான். பஞ்சாயத்துத் தலைவர் இடத்தை வந்து பார்த்தார். "தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூத்த மாப்பிள்ளை அறுபது ரூபாய் கட்டி ரசீது வாங்கினார். காலையில் வந்த பஸ் திரும்பிப் போகும் முன் கடுதாசி கையில் இருந்தது. ஒரு சேவல் விலை.

நாலு வருசம் கழித்து நடுவுள்ளவள் கிருஷ்ணவேணிக்குக் கோவில்பட்டியில் வீடு. மாப்பிள்ளை ஜெயகிருஷ்ணன் மில் தொழிலாளி. காசிராஜன் புதூர் ஞாபகத்தில், கடுதாசிக்கு எழுதிப்போட்ட மறுநாளே வானம் தோண்டச் சொல்லிவிட்டார். கரிசல் மண்ணில் ஏழடி தோண்டி மணல் நிரப்பினால்தான் சுவர் நிற்கும். இல்லாவிட்டால் மழைக்கு மண் பொதும்பி, வெயிலுக்குப் பிளந்து, சுவரையும் கூடவே பிளந்துவிடும். தோண்டியாயிற்று. கடுதாசி வரவில்லை. ரெண்டு பக்கமும் காற்றுக்கு இடம் விடவேண்டும் என்றார்கள், வரைபடத்தை மாற்ற வேண்டும் என்றார்கள், சாக்கடை போகிற வழியைக் காட்டச் சொன்னார்கள். கேட்டதெல்லாம் நியாயம்தான். நியாயத்துக்கு நாள் பிடித்தது. அதற்குள் ஐப்பசி மழை இறங்கிவிட்டது. குழி குளமானது, கரை சரிந்தது, மறுபடியும் முதலில் இருந்து தோண்ட வேண்டியதாயிற்று. காட்டில் கொத்தமல்லி விதைத்து அறுக்கிற காலம் போய்த்தான் அனுமதி வந்தது. தோண்டின செலவு ரெண்டு தடவையும் காசிராஜனுக்கு. கடுதாசிக்கு ரெண்டாயிரத்து முன்னூறு. ரெண்டு கிடா விலை.

"மாமா, சகலைக்கு அறுவது. எனக்கு ரெண்டாயிரத்து முன்னூறா?" என்று ஜெயகிருஷ்ணன் கேட்டார்.

"அது கிராமம் மாப்ள, இது டவுனு. நீங்க நடந்து போயி சினிமா பாக்குதீங்க, அவரு பஸ்ஸேறி வந்துல்லா பாக்குதாரு. அதுக்கும் சேத்துன்னு வச்சுக்கிடுங்க."

ஜெயகிருஷ்ணன் சிரிக்கவில்லை. கட்டிவிட்டார்.

கடைக்குட்டி முத்துசெல்வி வாக்கப்பட்டது சென்னைக்கு. மாப்பிள்ளை செல்வகணேஷ் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். பட்டணத்துக்கு வெளியே, வயலை அறுத்து மனையாக்கிய ஒரு புறநகரில் சின்ன இடம் வாங்கியிருந்தார். ரெண்டாயிரமாம் வருசம் காசிராஜன் கோவில்பட்டி வீட்டு வரைபடத்தையே சுருட்டி, மஞ்சள்பையில் செருகிக்கொண்டு ரயிலேறினார். வீடு ஒன்றுதானே, ஊர்தானே வேறு.

அங்கே அந்த வரைபடத்தை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஊரில் பதிவு பண்ணின ஆள்தான் வரையவேண்டும், அதற்கு ஒரு காசு. மனைப்பிரிவுக்கு அனுமதி இல்லாததால் அதைச் சரிபண்ண ஒரு காசு. பரிசீலிக்க ஒரு காசு. அப்புறம் வளர்ச்சிக் கட்டணம் என்று ஒன்று.

"வளருறது அவிய ஊரு. அதுக்கு நாம எதுக்கு மாப்ள துட்டு குடுக்கணும்?" என்றார் காசிராஜன்.

"எல்லாரும் குடுக்காங்க மாமா."

ஒரு ஆபீஸில் இருந்து இன்னொரு ஆபீஸுக்குக் கடுதாசி போனது. அங்கே ஒரு சந்தேகம் கேட்டுத் திரும்பி வந்தது. செல்வகணேஷ் லீவு போட்டுப் போட்டுச் சம்பளம் இழந்தார். ஒரு ஆடு ரெண்டு ஈத்து ஈன்று முடிக்கிற காலம் ஓடிப்போனது. கடைசியில் கணக்குப் பார்த்தால், இருபத்து நாலாயிரத்து அறுநூறு. ஒரு பட்டி ஆடு.

வீட்டைக் காசிராஜன் சொன்னபடி கட்டினார். பூட்டு வரைக்கும் அவர் துட்டு. பால் காய்ச்சின அன்றைக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்தவர்களிடம் மூணு ஊரிலும் மூணு வீடு என்று சொல்லிக்கொண்டு நின்றார். மகள் கழுத்தை அவர் பார்க்கவில்லை.

பார்த்தவள் அவர் பெண்டாட்டி ராதாமணி. அதுவும் ரெண்டு வருசம் கழித்து, கிருஷ்ணவேணி மகனுக்குக் காதுகுத்து வைத்தபோதுதான் பார்த்தாள். முத்துசெல்வி போட்டிருந்த சங்கிலி பட்ட இடமெல்லாம் கழுத்து கறுத்திருந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, பவுனில் பன்னிரண்டை வைத்துத்தான் கடுதாசிக் காசு கட்டினோம் என்று சொன்னாள். அடகுக்கடையில் போட்ட கெடு வருகிற மாசியோடு முடிகிறது. வட்டியை மாசாமாசம் கட்டியாகிறது, முதலுக்குத்தான் வழியில்லை. மாசி தாண்டினால் ஏலம்.

ராதாமணி அதை அன்றைக்கே புருசனிடம் சொன்னாள்.

"சட்டம் சட்டந்தான்" என்றார் காசிராஜன். "மூத்தவ புருசன் கட்டலையா, நடுவுள்ளவ புருசன் கட்டலையா?"

"மூத்தவரு ஒரு சேவலைக் குடுத்தாரு. இவ கழுத்தையில்லா குடுத்திருக்கா."

"சபையில சொன்னதுட்டி. ஒருத்திக்கு மட்டும் மாத்துனா மத்த ரெண்டு பேரும் என்ன நெனைப்பாளுவ? அப்பனுக்கு மெட்ராஸ் மகதான் மகன்னு பேச்சு வரும்."

"ஏலத்துல போனா மட்டும் நல்ல பேச்சு வருமோ?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவருக்கு நடையே தளர்ந்துபோனது. அறுபது வயசு அதுவரைக்கும் எங்கே ஒளிந்திருந்ததோ, அந்த வாரத்தில் மொத்தமாக வந்து முழங்காலில் இறங்கியது. ஒரு நாள் பத்து மணி வெயிலில், சிமெண்டும் கம்பியும் விற்கும் சுல்தான் கடையில் போய் உட்கார்ந்தார். முதல் ரெண்டு வீட்டுக்கும் சரக்கு கொடுத்தவர் சுல்தான்தான். விசயத்தைச் சொல்லி முடிக்கும்வரை சுல்தான் ஒரு கம்பிக்கட்டுக்குத் துருப்பிடிக்காமல் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார்.

"மூணு பேரையும் புதூர்லயே குடுத்திருந்தீங்கன்னா நூத்தியெம்பது ரூவாயோட முடிஞ்சிருக்கும் அண்ணாச்சி" என்றார்.

"கேலி பண்ணாதீரும் பாய். தூக்கம் வரமாட்டேங்கு."

"சரி, கேலி இல்ல. மெட்ராஸ் மகளுக்கு ரகசியமாக் குடுத்துருங்க. யாரு பாக்கப்போறா?"

"ரகசியமா எதையும் செஞ்சு நமக்குப் பழக்கமில்ல. ஆடு வித்தாலும் சந்தையில நின்னு சத்தமாத்தான் விப்பேன்."

"அப்பம் சட்டத்தை மாத்துங்க."

"ஒருத்திக்கு எப்பிடி மாத்த?"

அதற்குள் வியாபாரம் வந்துவிட்டது. ஒரு ஆள் ஆணி கேட்டான், சுல்தான் நிறுத்துப் போட்டார். காசிராஜன் தராசையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து, "வாரேன் பாய்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினார். ஒருத்திக்கு மாற்ற முடியாது. மூணு பேருக்கும் மாற்றினால்?

தை மாசம் ஒரு சனிக்கிழமை எட்டயபுரம் சந்தையில் அவர் தன் ஆடுகளை நிறுத்தினார். வயசான காலத்துக்கு என்று வைத்திருந்த நாற்பதில் முப்பது. விலை சுமார்தான். முன்னைப் போல நின்று பேச அன்றைக்குத் தொண்டையில் வலு இல்லை. இருந்தாலும் எவனும் அவரை ஏமாற்றிவிடவில்லை. காசை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு, மிச்சப் பத்து ஆட்டை மேய்ப்பவனிடம் விட்டுவிட்டு, முதலில் புதூர் பஸ் ஏறினார்.

இசக்கிசெல்வி வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அறுபது ரூபாயை நீட்டினார்.

"என்னது யப்பா இது?"

"கடுதாசிக் காசு. சட்டத்தை மாத்திட்டேன். அதுவும் என் பொறுப்புதான் இனி."

அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அறுவது ரூவா குடுக்கவா பஸ்ஸுக்குத் துட்டு குடுத்து வந்திய? உங்க மருமகன் கேட்டா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாவ."

"சிரிக்கட்டும். நீ வாங்கு."

"வேண்டாம் யப்பா."

"ஏட்டி, நீ வாங்காம நான் அடுத்தவ வீட்டுக்குப் போக முடியாது. கையை நீட்டு."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மோர் குடித்துவிட்டு அவர் கிளம்பினார்.

கிருஷ்ணவேணி சிரிக்கவில்லை. ரெண்டாயிரத்து முன்னூறையும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள். "ஆறு வருசத்துக்கு வட்டி கிடையாதா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை குழி தோண்டுனேனே, அதுல கழிச்சுக்கோ."

"முத்துக்காகத்தான செய்யுதிய?" என்றாள் அவள்.

காசிராஜன் மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "மூணு பேருக்குந்தான் செய்யுதேன்" என்றார்.

"சரி, இருங்க. சாப்ட்டுட்டுப் போங்க. ராத்திரி ரயிலுதான?"

சென்னைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மாசி பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. ரயிலில் பெட்டி முழுக்கக் கூட்டம். மடியில் காசு இருந்ததால் கண் மூடவில்லை. ஸ்டேஷனில் இறங்கி ரெண்டு பஸ் மாறி, தான் கட்டின வீட்டு வாசலில் நின்றபோது பூட்டுத் தொங்கியது. அவர் துட்டில் வாங்கின பூட்டு. மகள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போயிருந்தாள். படியில் உட்கார்ந்தார். இந்த ஊரில் ஆட்டுப் புழுக்கை வாடை எங்கேயும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அங்கனயே இருந்தார்.

முத்துசெல்வி ரெண்டு குடத்தோடு வந்தாள். "யப்பா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிய?" என்று கேட்டுக்கொண்டே பூட்டைத் திறந்தாள்.

உள்ளே போய் அவர் விசயத்தைச் சொன்னதும் அவள் தலையை ஆட்டினாள்.

"எனக்கு வேண்டாம். நான் உங்ககிட்டக் கேக்கல. அவுக வீட்டுல, மாமனார்கிட்ட வாங்கித்தான் நகையைத் திருப்புனான்னு பேசுவாவ."

"உங்க அக்கா ரெண்டு பேரும் வாங்கிட்டாளுவ."

"இசக்கியக்காவுமா? எவ்வளவு?"

"அறுவது ரூவா."

முத்துசெல்வி அவரையே பார்த்தாள். "அறுவது ரூவா குடுக்கவா புதூருக்குப் போனிய?"

"ஆமா. சட்டம் மூணு பேருக்கும் ஒண்ணுதான். முன்னாடி மூணு மாப்பிள்ளையும் கட்டுனாவ. இப்பம் மூணு பேருக்கும் நான் கட்டுதேன். உனக்குன்னு தனியா ஒண்ணும் செய்யல. அவிய வீட்டுல யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லு. சேவலுக்கும் பட்டிக்கும் வித்தியாசம் நான் வச்சதில்ல, ஊரு வச்சது."

"மாசிக்குள்ள திருப்பலேன்னா ஏலம்னு யாரு சொன்னா? அம்மாவா?"

"யாரு சொன்னா என்ன? கையை நீட்டு."

அவள் நின்றாள். குடம் தூக்கின ஈரம் இன்னும் விரலில் இருந்தது. முந்தானையில் துடைத்தாள். அப்புறம் வலது கையை விரித்து, அதற்கு அடியில் இடது கையையும் சேர்த்து வைத்து நீட்டினாள்.

காசிராஜன் மடியை அவிழ்த்தார். சந்தை நோட்டெல்லாம் வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தார். நூறு ரூபாய் நோட்டைப் பத்துப் பத்தாகச் சேர்த்து, முதல் ஆயிரத்தை மகள் கையில் வைத்து, ஆட்டுச் சந்தையில் எண்ணுகிற மாதிரியே, ஒன்று என்பதற்குப் பதிலாக "லாபம்" என்றார். அடுத்ததற்கு "ரெண்டு" என்றார். மூணு, நாலு என்று அவர் குரல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க நிறுத்தினார். அவள் கையை மடக்கவில்லை, காத்திருந்தாள். இருபத்து நாலு முடிந்தது. மிச்ச ஆறு நோட்டையும் அவர் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தார்.