தீப்பெட்டி அளவும் உள்ளங்கை அளவும்

இல்லை, மணிமொழி தன் கதையை ஊருக்குக் காட்டவே கம்ப்யூட்டர் திரையில் வரும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்தாள் என்று அவள் ஊரான மீன்சுருட்டியில் யார் சொன்னாலும் அது பொய். பெரிதாக்கியவர் அவள் முதலாளி வேணுகோபால். வேண்டாம் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவள் அவள்.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது வேணுகோபாலின் கம்ப்யூட்டர் கடை. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது மணிமொழியின் வேலை. ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருடையது திறந்து கிடக்கும். திரையின் அடியில் ஓடும் பட்டையில் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினால், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுப் படமாக எழும்பி நிற்கும். எல்லாம் வெள்ளைத் தாள், மேலே ஒரு நீலக் கோடு. எது யாருடையது என்று சாமிக்கும் தெரியாது. அப்படித்தான் ஒருநாள் சாமிக்கண்ணுவின் வருமானம் கொளஞ்சியப்பனின் விண்ணப்பத்தில் ஏறிவிட்டது. கொளஞ்சியப்பன் கடைவாசலில் நின்று அவளைப் பெற்றவள் வரைக்கும் இழுத்துத் திட்டினார்.

மறுநாள் வேணுகோபால் யாரையோ போனில் கேட்டு, படத்தை உள்ளங்கை அளவுக்கு மாற்றினார்.

"இப்பவாச்சும் கண்ணு தெரியுதா?"

"தெரியுது சார். எனக்கு மட்டுமில்ல, எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கும் தெரியுது."

வந்தவர்கள் தங்கள் பெயரைச் சரிபார்க்க, வெளிப்பக்கம் திருப்பிய இன்னொரு திரை உண்டு. இதில் வருவதெல்லாம் அதிலும் வரும்.

"நடுவாப்புல ஒரு அளவா வைங்க சார். போட்டோவப் பாத்து ஆளு யாருன்னு தெரிஞ்சா போதும். எழுத்தப் படிக்கிற அளவுக்கு வேணாம்."

"நடுவாப்புல வச்சா நீ மறுபடி மாத்தி ஏத்துவ."

"அப்ப வெளித்திரைய அணைச்சுடலாம்."

"அணைச்சா, பேரத் தப்பா அடிச்சன்னு சண்டைக்கு வருவான்."

"ரெண்டு ரெண்டாத் தொறந்துக்கறேன் சார்."

"வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிக்கும். பேசாம வேலையப் பாரு."

உள்ளங்கை அளவில் நாலு படம்தான் அடங்கும். ஐந்தாவதைத் திறந்தால் படமெல்லாம் போய், ஒரே தலைப்பு ஐந்து வரியாக வந்து நிற்கும். அதனால் நாலோடு நிறுத்திக்கொள்வாள்.

அந்த நாலில் ஒன்று அவளுடையது. கணவனால் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றுக்கானது.

அவள் புருஷன் ராஜவேல் பெரம்பலூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தி மூன்று வருடம் ஆகிறது. தெருவைப் பொறுத்தவரை அவன் ஆந்திராவில் லாரி ஓட்டுகிறான். அப்படிச் சொல்லச் சொன்னது மாமியார் அம்மாக்கண்ணு. சான்று கிடைத்தால் மகள் கவியாவுக்கு விடுதியில் இடம் கேட்கலாம், தானும் இந்த வீட்டுச் சோற்றை விட்டு எங்காவது பிழைத்துக்கொள்ளலாம் என்று மாமியாருக்குத் தெரியாமல் நிரப்பிக்கொண்டிருந்தாள். சர்வர் நின்று நின்று வந்தது. மூடினால் அத்தனையும் போய்விடும் என்று திறந்தே வைத்திருந்தாள்.

அன்று எதிரில் வந்து உட்கார்ந்தவர் ஜெயலட்சுமி. அம்மாக்கண்ணு முந்திரி பொறுக்கப் போவது அவர் காட்டுக்குத்தான். அவருடைய பட்டாவைத் தேடி மணிமொழி பட்டையில் அம்பை வைத்தாள். நாலு படமும் எழும்பின. ஜெயலட்சுமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஏன்டி மணி, அது உன் போட்டோதானே?"

"அது பழசுங்கம்மா."

"பழசா? கைவிடப்பட்டன்னுல்ல போட்டிருக்கு. புருஷன் விலாசம் பெரம்பலூராம். லாரி அங்கயே நின்னுடுச்சா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேணுகோபாலும் சிரித்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று ஜெயலட்சுமி முன்னாலேயே விண்ணப்பத்தை அனுப்பினாள் மணிமொழி.

மறுநாள் முந்திரிக்காட்டில் இருபது பெண்களுக்கு நடுவில் அம்மாக்கண்ணுவின் காதுக்குச் செய்தி போயிற்று. விசாரணைக்கு வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்த அன்றுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"எம்மவன் மாசாமாசம் வந்துட்டுப் போறான் சார். போன வாரம்கூட கறி எடுத்தாந்து குடுத்தான். இவளுக்குத்தான் புருஷன் இருக்கறப்பவே இல்லேன்னு எழுதி வாங்கணும்."

அதற்கு ஜெயலட்சுமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தெருவில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. பொய் விண்ணப்பம் போட்டவளை வைத்திருந்தால் கடைக்குக் கெட்ட பேர் என்று வேணுகோபாலும் வர வேண்டாம் என்றுவிட்டார். அவர் கடையில் படங்கள் இன்றைக்கும் உள்ளங்கை அளவில்தான் நிற்கின்றன.

திங்கட்கிழமை காலை மணிமொழி பையைக் கட்டினாள். கவியா செருப்பைத் தேடினாள்.

"அத்தே, நான் எங்கன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அம்மாக்கண்ணு முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வூட்ட வுட்டு ஓடிட்டன்னு சொல்லுவேன்."

"சரி, சொல்லுங்க."

செருப்பு ஒன்றுதான் அகப்பட்டது. அதையும் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறே முக்கால் பஸ்ஸுக்கு மணிமொழி படியிறங்கினாள்.