நாற்பது பேரும் சொன்ன ஒரே பதில்

1. செவ்வாய்க்கிழமை மத்தியானம்

நாற்பது ஷெட்யூல்களையும் மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேள்வித்தாளை எங்கள் தொழிலில் ஷெட்யூல் என்போம். ஒவ்வொன்றிலும் நான்கு கேள்விகள். நாற்பது விவசாயிகளும், ஒருவர் பாக்கியில்லாமல், நான்குக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் பாகூரில் அறை எடுத்துத் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். நிச்சயமில்லாத நிலையில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது என் தலைப்பு. இன்று அதற்குத் தனிப் படிப்புகளே இருக்கின்றன. அன்று மெட்ராசில் எங்கள் டிபார்ட்மெண்டில், "குடியானவன் மனசுக்கு ஃபார்முலா கண்டுபிடிக்கப் போற பொண்ணு" என்று கேலி செய்வார்கள்.

என் கேள்வி எளிமையானது. உங்களிடம் இரண்டு வகை விதைநெல் இருக்கிறது. ஒன்று குறுகிய காலப் பயிர். எப்படியும் ஓரளவு விளையும். மற்றது நீண்ட காலப் பயிர். நல்ல வருஷமானால் அள்ளிக் கொடுக்கும், இல்லாவிட்டால் கைவிட்டுவிடும். எதை விதைப்பீர்கள்? அடுத்த மூன்று கேள்விகளில் நீண்ட காலப் பயிரின் விளைச்சலை ஏற்றி இறக்கிக் கேட்டிருந்தேன். எங்கேயோ ஓர் இடத்தில் துணிச்சல்காரர் மாறுவார், பயந்தவர் மாறமாட்டார். அந்த வித்தியாசம்தான் என் தீசிஸ். மண் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஏரியின் ஒரே மதகில் பாசனம் பெறும் நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

நாற்பது பேரும் குறுகிய காலப் பயிர் என்கிறார்கள், நான்கு முறையும். வித்தியாசமே இல்லை. வெள்ளிக்கிழமை என் கைடு, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், வந்து ஷெட்யூல்களைப் பார்ப்பதாக இருந்தார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் ஃபெல்லோஷிப் நின்றுவிடும். நின்றால் வீட்டில் அடுத்த முகூர்த்தத்திலேயே என்னைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

வீடு வீடாகப் போய் ஷெட்யூல் நிரப்பியவர் ஆறுமுகம். பக்கத்தில் கரியமாணிக்கம் என்ற ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆலை வேலை போனபிறகு எங்களிடம் தினக்கூலி இன்வெஸ்டிகேட்டராகச் சேர்ந்தார். கொம்யூன் ஆபீசில், அதாவது அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில், நிரந்தர வேலைக்கு மனுப் போட்டிருந்தார். 'ஆள் எப்படி' என்று அவர்கள் எங்கள் டிபார்ட்மெண்டுக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். அந்த நல்ல வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

2. விசாரணை

சாயந்திரம் ஆறுமுகம் வந்தார்.

"இந்த நாற்பது வீட்டுக்கும் போனீங்களா?" என்றேன்.

"போனேன் டீச்சர். நாப்பது வூடும் போனேன்."

"நாற்பது பேரும் ஒரே பதிலா சொன்னாங்க?"

"ஆமா. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"டீக்கடையில உட்கார்ந்து நீங்களே எழுதிட்டீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். "அப்படியா நெனச்சிட்டீங்க?" என்றார், அவ்வளவுதான். பையையும், நாங்கள் கொடுத்த சைக்கிளின் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்றைக்கே கைடுக்கு எழுதினேன். இன்வெஸ்டிகேட்டர் தகவலை இட்டுக்கட்டிவிட்டார், வேறு ஆள் வேண்டும் என்று. தபால் எடுக்கும் நேரத்துக்குள் ஓடிப்போய்ப் பெட்டியில் போட்டேன். போட்டதும் மனசு லேசாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அப்பாடா, தப்பு என்மேல் இல்லை என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

3. மதகில் பேசி முடித்தது

வியாழக்கிழமை அதே கேள்விகளோடு நிரப்பாத ஷெட்யூல்களை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். பட்டியலில் முதல் பெயர் தனலட்சுமி. ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை, இரண்டு காணி நிலத்தைத் தனியாளாகப் பயிர் செய்பவர். களத்தில் எருமுட்டை தட்டிக்கொண்டிருந்தார். கேள்வியைப் படித்தேன்.

"குறுகுன பயிருதான்," என்றார். விளைச்சலை ஏற்றிக் கேட்டேன். அதே பதில். இன்னும் ஏற்றினேன்.

"இன்னாம்மா நீ, அந்தத் தம்பி கேட்டதையே கேக்கற? நீ மூணு மடங்கு வெளையும்னாலும் அதான். மதகுல பேசி முடிச்சாச்சுல்ல?"

"என்ன பேசி முடிச்சீங்க?"

"தண்ணி தெறக்கறதுக்கு முன்ன எல்லாரும் கூடி, இந்தப் போகம் இந்தப் பயிருன்னு முடிவு பண்ணிடுவோம். ஒண்ணா வெதச்சி ஒண்ணா அறுக்கணும். நான் மட்டும் நீட்டுப் பயிரு வெச்சா, எல்லாரும் அறுத்தப்புறம் என் ஒருத்திக்கோசரம் மதகத் தெறந்து வெப்பாங்களா? ஊரு மாடு மொத்தமும் அறுத்த காட்டுல மேயும். எலியும் குருவியும் என் கொல்லையிலதான் வந்து வுழும்."

ஷெட்யூலை மூடிவைத்தேன். துணிச்சல்காரர், பயந்தவர் என்று நான் தேடிய வித்தியாசமெல்லாம் அந்தக் கூட்டத்திலேயே பேசித் தீர்ந்துவிட்டிருந்தது. ஒரே மதகுக்காரர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'நீ எதை விதைப்பாய்' என்று கேட்டிருக்கிறேன்.

தனலட்சுமி நிறுத்தவில்லை. "அந்தத் தம்பி மூணு வாட்டி வந்துச்சி. எல்லாரும் ஒண்ணே சொன்னா டீச்சர் நம்ப மாட்டாங்கோ, நல்லா யோசிச்சி சொல்லுங்கன்னு கெஞ்சிச்சி. அதுக்கோசரம் பொய்யா சொல்ல முடியும்?"

4. வெள்ளிக்கிழமை

கைடு சந்தோஷமாக வந்திறங்கினார். "நல்ல வேளைம்மா, ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சே. கொம்யூன் ஆபீசுக்கும் பதில் போட்டுட்டேன், அந்த ஆள் நம்பிக்கையானவன் இல்லைன்னு. வேற ஆள் அனுப்பறேன்."

அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். வாயை மூடிக்கொண்டால் ஃபெல்லோஷிப் நிச்சயம். திறந்தால், கேள்வியே தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகும். சீக்கிரம் பேசினேன் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

"சார், அவர் இட்டுக்கட்டல. தப்பு என் ஷெட்யூல்ல இருக்கு," என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விசாரிக்காமலா எழுதினே?" என்றார். பிறகு, ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து காட்டு என்றார். ஆறுமுகம் நேர்மையானவர் என்று வேறு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்தார். திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். வெள்ளிக்கிழமையே அந்த வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அங்கிருந்து கரியமாணிக்கம் போனேன். ஆறுமுகம் வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வேலைக்கு வரும்படி கூப்பிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த லெட்டரப் போடறதுக்கு முன்னாடி எத்தினி வூட்டுக்குப் போய்க் கேட்டீங்க டீச்சர்?"

"ஒரு வீட்டுக்கும் போகல," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "பஸ் வர்ற நேரம், போய்ட்டு வாங்க," என்று உள்ளே போய்விட்டார். மறுபடி எங்களிடம் வேலைக்கு வரவில்லை.

மதகுக் கூட்டத்தைப் பற்றியே என் தீசிஸை எழுதினேன். பட்டமும் கிடைத்தது, உத்தியோகமும் கிடைத்தது. பதில் விசித்திரமாக இருந்தால் முதலில் உங்கள் கேள்வியைச் சந்தேகப்படுங்கள், ஆளை அல்ல என்று ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள். பாடம் படித்தது நான், அதற்கு விலை கொடுத்தது ஆறுமுகம் என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.