மணற்காட்டில் ஒரு மலையேற்றம்

கடலோரக் கிராமமான மணற்காட்டின் மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறேன். வைக்கும் ஒவ்வோர் அடியும் பாதி கீழே சரிகிறது. வல்வெட்டித்துறையில் என்னோடு பேருந்து ஏறிய பெண் எனக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஏறுகிறார். அவருடைய இடதுகால் செயற்கைக் கால். திடீரென்று மணல் சரிந்து விழுகிறார். ஓடிப்போய்க் கை நீட்டுகிறேன்.

“வேண்டாம் தம்பி, நானே எழும்புவன். போன வருசம் சிவனொளிபாதமலையிலை பாதியிலை திரும்பி வந்திட்டன். இந்த முறை உச்சிக்குப் போகவேணும். அதுக்குத்தான் இங்கை ஏறிப் பழகிறன்.”

“இந்த மணலிலா, அக்கா?”

“யாழ்ப்பாணத்திலை வேறை மலை எங்கை கிடக்கு?”

சிரித்தபடி ஊன்றுகோலை ஆழக் குத்தி எழுகிறார்.

உச்சியில் கடற்காற்று முகத்தில் அடிக்கிறது. நான் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுகிறேன். அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி ஏறுவதற்காகக் கீழே இறங்கத் தொடங்குகிறார்.