உள்ளங்கை அகலச் சட்டை

என் தங்கை தெல்மா கார்ட்டன் எதையெல்லாம் ஜெயித்தாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது வயதில் நுரையீரலில் நீர் கோத்து பதினான்கு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த மூச்சை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாலே பெரிய விஷயம் என்றார் டாக்டர். பதினைந்து வயதில் என்னோடு மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாவது மாதமே இடது சுண்டுவிரலின் நுனி கத்தியில் போயிற்று. கட்டைவிரல் போக மிச்சம் மூன்று விரல்களால் கித்தார் பிடித்தாள். எட்டு வயதிலிருந்து திக்குவாய். கடையில் ரொட்டி வாங்கப் போனால் கேட்க முடியாமல் விரலால் காட்டுவாள். பாடும்போது மட்டும் ஓர் எழுத்தும் தடுக்காது. எங்கள் மீனவர் குடியிருப்பான ஹெஸில் ரோட்டின் பேச்சை மாற்றிக்கொண்டால்தான் இசைத்தட்டு விற்கும் என்று லண்டன் கம்பெனிக்காரர் சொன்னார். அவள் மாற்றவில்லை, தட்டு விற்றது. மொத்தம் பதினோரு தட்டுகள், அதில் இரண்டுக்குத் தங்கப் பரிசு. லண்டனின் பெரிய மண்டபத்தில் ஆறு முறை பாடியிருக்கிறாள். ஆறு முறையும் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இத்தனையும் ஜெயித்தவளுக்குத் தன் பாட்டு ஒன்றைத் தன்னுடையது என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவள் எழுதியதிலேயே நல்ல பாட்டு. ஊரெல்லாம் அதைப் பாடுகிறது, எழுதியவர் பெயர் மட்டும் கிடையாது. அது எப்படி ஆயிற்று என்பதைத் தேதி பிசகாமல் எழுதுகிறேன். நானும் அதில் சம்பந்தப்பட்டவள்.

எங்கள் அப்பா இழுவலைக் கப்பலில் ஐஸ்லாந்துப் பக்கம் போகிறவர். மூன்று வாரம் கடல், மூன்று நாள் வீடு. அப்பா கிளம்பும் நாளில் வீட்டில் துணி துவைக்க மாட்டோம். துவைத்தால் அலை வந்து ஆளை அள்ளிக்கொண்டு போய்விடும். கையசைத்து வழியனுப்பவும் மாட்டோம். இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. அடுப்பைத் தொட்டால் சுடும் என்று தெரிகிற மாதிரி எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

1956 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை அப்பா கிளம்பினார். எனக்குப் பதின்மூன்று வயது, தெல்மாவுக்கு எட்டு. பள்ளி விட்டு வந்து கொல்லைப்புறக் கதவைத் திறந்தேன். கொடியில் ஒரே ஒரு துணி தொங்கியது. பொம்மையின் சட்டை. என் உள்ளங்கை அகலம்கூட இல்லை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு தேநீர்க் கோப்பையில் சோப்புத் தண்ணீர்.

"என்னடி இது?"

"பொம்மை வாந்தி எடுத்திருச்சு."

"இன்னைக்கா துவைப்ப? அப்பா போற நாளுன்னு தெரியாது உனக்கு?"

"இது பெரிய துணி இல்லையே, எட்னா. இத்துனூண்டுதானே."

சட்டையை ஈரத்தோடு பிடுங்கி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். கோப்பையைக் கழுவி மாட்டினேன். "யார்கிட்டயும் வாயத் திறக்காத. அம்மாகிட்ட செத்தாலும் சொல்லாத" என்றேன். அவள் தலையாட்டினாள்.

கடலில் யாராவது போனால் வீட்டுக்குச் சேதி கொண்டுவருகிற மீனவர் மிஷன்காரர் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் திரை நகரும். எந்த வாசலைத் தாண்டிப் போகிறாரோ அந்த வீடு மூச்சுவிடும். பிப்ரவரி 16, வியாழக்கிழமை அவர் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. கப்பலுக்கு ஒன்றும் இல்லை, மற்ற பத்தொன்பது பேருக்கும் ஒன்றும் இல்லை. ஓர் அலை மேல்தளத்தின் மேல் ஏறி இறங்கியது, எங்கள் அப்பாவை மட்டும் காணவில்லை. தெல்மாவின் திக்கல் அந்த வாரம் தொடங்கியது.

பாட்டை அவள் எழுதியது 1964 நவம்பரில், பதினேழு வயதில். எங்கள் இருவருக்கும் ஒரே படுக்கையறை. எனக்குத்தான் முதலில் பாடிக் காட்டினாள்.

உள்ளங்கை அகலச் சட்டை ஒன்றை
துவைத்துப் போட்டேன் கொடியிலே.
கடல் அதைப் பார்த்துக் கேட்டது,
மீதித் துணி எங்கே என்றது.

இப்படி ஐந்து பத்திகள். அப்பா என்ற சொல் எங்குமே வராது. நான் எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

வியாழக்கிழமைதோறும் மதுக்கடை மாடியில் நாட்டுப்பாடல் மன்றம் நடக்கும். அதை நடத்தியவர் செட்ரிக் அவுத்வெய்ட் என்ற பள்ளி ஆசிரியர். தாடி வைத்தவர், நல்லவர், விதிகளில் கறார். பழைய பாட்டுகள்தான் பாட வேண்டும். யாரிடமிருந்து கற்றோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

"சொந்தமா எழுதினதப் பாடணும்னு ஆசைப்படறவங்க, வீட்டுல குளிக்கறப்ப பாடிக்கலாம். சோப்புக்குக் காது கிடையாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

1965 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை தெல்மா எழுந்து முன்னால் போனாள். தேதியை நான் குறித்துவைக்கத் தவறிய நாள் அது.

"யார்கிட்ட கத்துக்கிட்டது கண்ணு?" என்று கேட்டார் அவுத்வெய்ட்.

"வி... வி... வித்தர்ன்சீல ஒரு கி... கிழவி."

"பேரு?"

"கேக்கல."

பிறகு பாடினாள். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒருவர் தன் கண்ணாடிக் குவளையைச் சத்தம் வராமல் கீழே வைத்தது நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் கேட்டேன்.

"ஏண்டி அப்படிச் சொன்ன? அவருக்குப் பயந்தா?"

"அவரு கெ... கெடக்கறாரு. நான் எழுதினேன்னா எ... எதப் பத்தின்னு கேப்பாங்க. அம்மா காதுக்குப் போகும். கிழவி எழுதினா யாருக்கு என்ன?"

புத்திசாலிப் பெண் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறு வருடம் அவுத்வெய்ட் ஒரு பெரிய ஒலிப்பதிவுக் கருவியை மாடிக்குத் தூக்கி வந்து எல்லோரையும் பதிவு செய்தார். தெல்மாவின் குரலும் பதிவானது. பாட்டு மட்டுமல்ல, வித்தர்ன்சீக் கிழவியும் சேர்ந்து. அந்த நாடாவின் நகல்கள் ஊர் ஊராகப் போயின. 1968இல் லண்டன் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. அவளே எழுதிய வேறு பாட்டுகளுக்காக எடுத்தார்கள், அவற்றுக்கெல்லாம் அவள் பெயரே போட்டார்கள். 1971இல் லண்டனைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் அந்த நாடாவைக் கேட்டு, 'சட்டை'ப் பாட்டைத் தட்டில் பாடி வெளியிட்டார்கள். எழுதியவர் இடத்தில் 'மரபுப் பாட்டு' என்றிருந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை, நாடாவில் கேட்டதைத்தானே போட்டார்கள். அந்தக் கோடையில் எல்லாக் கடைகளிலும் அதுதான் ஒலித்தது.

அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெல்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் நானும் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டு மிஸஸ் பிளென்கின் சர்க்கரை கடன் கேட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வானொலியில் பாட்டு வந்தது. அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"நம்ம ரோட்டுப் பாட்டு மாதிரில்ல இருக்கு நெல்லி" என்றார் மிஸஸ் பிளென்கின் அம்மாவிடம். "எழுதினவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"யாரு பெத்ததோ."

"பாவம், சின்னப் புள்ள. பொம்மைச் சட்டைதானே துவைச்சிருக்கு."

"சின்னதாவது பெரிசாவது. தண்ணி தண்ணிதான்." அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். "என் வயித்துல பொறந்தது அப்படிச் செஞ்சிருந்தா, அப்புறம் இந்த வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டேன்."

"அடிப் போடி, மனசே இல்லாதவளே. ஒரு கப் சர்க்கரை கொடு, போறேன்."

தெல்மாவின் கத்தி நின்றுவிட்டது. நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். மறுபடி சீவத் தொடங்கினாள். ஒரு கிழங்கைக் கொட்டை அளவுக்கு வரும்வரை சீவிக்கொண்டே போனாள்.

"உனக்கென்னடி ஆச்சு? தோல்ல பாதி கிழங்கு போகுது" என்றாள் அம்மா.

பிறகு கொல்லையில், அதே கொடிக்குக் கீழே, தெல்மா என்னிடம் கேட்டாள். "இ... இனிமே எப்படிச் சொல்றது எட்னா?"

மீன் ஆலையில் எது கேட்டாலும் எனக்குப் பதில் உண்டு, எந்தப் பெட்டியில் எத்தனை துண்டு என்பது வரை. இதற்கு இல்லை.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம். எங்கே பாடினாலும் கூட்டம் அந்தப் பாட்டைக் கேட்டது. "இது ஒ... ஒரு பழைய பாட்டு" என்று சொல்லிவிட்டு அவளும் பாடினாள். அவளுடைய மூன்றாவது தட்டிலும் அது இருக்கிறது. பின்னட்டையில் பதினோரு பாட்டுகள். பத்துக்கு நேரே 'தெல்மா கார்ட்டன்', ஆறாவதற்கு நேரே 'மரபுப் பாட்டு'. கையெழுத்துக் கேட்டு யார் அந்தத் தட்டை நீட்டினாலும் முன்னட்டையில் போட்டுக் கொடுப்பாள். அவள் அதைப் பின்பக்கம் திருப்பி நான் பார்த்ததில்லை.

லீட்ஸில் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். "உங்க சொந்தப் பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பழைய பாட்டு மாதிரி ஒண்ணு எழுத முடியலியேன்னு வருத்தம் உண்டா?"

"உ... உண்டு" என்றாள் தெல்மா. அவர் அதை அப்படியே அச்சில் போட்டார். நான் அந்தப் பக்கத்தை வெட்டிவைக்கவில்லை. அவளைப் பற்றி வந்ததில் என்னிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

1984 மார்ச்சில் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. என் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டேன். மே மாதம் தெல்மா ஸ்காட்லாந்தில் நான்கு கச்சேரிகளை விட்டுவிட்டு வந்தாள். வந்த மறுநாள் காலை சமையலறையில் சொன்னாள்.

"அம்மாகிட்ட சொ... சொல்லப் போறேன்."

"இப்ப எதுக்கு? திருப்பிப் பேச முடியாதவகிட்ட போய்ச் சொல்றது நியாயமாடி?"

"கண்ணால தி... திட்டட்டும்."

"அவ புரிஞ்சுகிட்டா என்ன செய்வ? புரியலன்னா என்ன செய்வ?"

"தெ... தெரியாது."

செத்தாலும் சொல்லாதே என்று சொன்னவள் நான்தான். இருபத்தெட்டு வருடம் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். மறுபடியும் சொல்லாதே என்று தடுக்க எனக்கு வாய் வரவில்லை, சொல்லு என்று சொல்லவும் வரவில்லை. கூடவே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

பாடியிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். அவள் பாடவில்லை. கொடி, கோப்பை, பொம்மை, செவ்வாய்க்கிழமை என்று ஒவ்வொரு சொல்லாகத் திக்கித் திக்கிச் சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. நான் அவள் காலை மிதிக்கவில்லை. கடைசியில், "அந்தப் பாட்டு எ... என்னுதும்மா" என்றாள்.

அம்மாவின் கண் அவள் மேல்தான் இருந்தது. அதில் கோபமும் தெரியவில்லை, வேறொன்றும் தெரியவில்லை. இடது கை படுக்கை விரிப்பின் ஓரத்தை எடுத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்தது, துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல. அதை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். பக்கவாதம் வந்த நாளிலிருந்து எந்தத் துணி கையில் பட்டாலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

"கேட்டுச்சாம்மா?" என்று நான் கேட்டேன். விரல்கள் விரிப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. பிறகு தேநீர் ஆறிப்போனதென்று வேறு போடப் போனேன்.

அம்மா ஜூன் 9 அன்று போய்விட்டாள். இலையுதிர் காலத்தில் தெல்மா பாட்டெழுதுகிறவர்களின் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். அதைத் திருத்தமாகப் படி எடுத்தவள் நான். மூன்று மாதம் கழித்து மரியாதையான பதில் வந்தது. 1966ஆம் வருட நாடா அவர்களிடம் இருக்கிறதாம். இந்தப் பாட்டை ஒரு கிழவியிடம் கற்றதாகத் தெல்மா கார்ட்டனே அதில் தன் சொந்தக் குரலில் சொல்கிறாராம். அதை மறுக்க வேறு சாட்சி உண்டா என்று கேட்டிருந்தார்கள். கூடப் பிறந்தவள் சொல் சாட்சி ஆகாதாம். அவுத்வெய்ட் அதற்குள் காலமாகிவிட்டார். பொம்மைச் சட்டையை நான் 1956இலேயே அடுப்பில் போட்டிருந்தேன். ஆகவே பாட்டு இன்றைக்கும் மரபுப் பாட்டுதான், பள்ளிப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது.

என் அலமாரியில் உள்ள ஒரு தட்டில் மட்டும் அப்படியில்லை. அம்மாவிடம் சொன்ன அன்று நான் தேநீர் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது தெல்மா அந்த மூன்றாவது தட்டை அம்மாவின் போர்வை மேல் குப்புற வைத்து, அம்மாவின் நல்ல கை அதைப் பிடித்திருக்க, ஆறாவது வரியில் அச்சடித்திருந்த இரண்டு சொற்களைப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தாள். அட்டை ஆடாமல் இருக்க அம்மா அழுத்திப் பிடித்தாளா, கை சும்மா கிடந்ததா, எனக்குத் தெரியாது. அடித்த இடத்துக்குப் பக்கத்தில் முழுப் பெயரையும் போட்டு, அதன் கீழே என் வழக்கப்படி தேதியையும் எழுதியிருக்கிறாள்: 1984 மே 20, ஞாயிற்றுக்கிழமை.