சுகிர்தம் டீச்சர் எஞ்சின் மாற்றிய கதை

ஆனி மாசம், சாரல் பிடித்திருந்த ஒரு திங்கட்கிழமை காலை, சுகிர்தம் டீச்சரின் கார் இலத்தூர் விலக்குப் பக்கம் நின்றுபோனது. பானெட் இடுக்கில் வெள்ளைப் புகை. சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, முதல் பீரியடுக்கு வேறு ஆளை அனுப்பச் சொன்னாள். இறங்கி நின்று கையைக் காட்டி உதவி கேட்கத் தெம்பில்லை. இடது காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரை மாட்டி, கம்பை ஊன்றி, ஈரத் தரையில் நிற்பதைவிட உள்ளேயே இருந்துவிடலாம்.

டீச்சருக்கு வயசு ஐம்பத்தாறு. மூன்று வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. கல்யாணம் கூடிவரவில்லை. கொஞ்ச காலத்துக்குப் பிறகு அவளும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். வீடு மேலகரத்தில், வேலை அச்சன்புதூர் பள்ளியில், ஒன்பதாம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல். இருபத்திரண்டு வருசமாக அந்தப் பழைய மாருதி எண்ணூறில்தான் போக்குவரத்து. கிளட்சை மிதிக்க இடது காலால் ஆகாது என்பதால், மெக்கானிக் காமராஜ் கியர் கம்பியிலேயே சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு பிடியை வைத்துக் கொடுத்திருந்தான். விரலால் பிடியை இறுக்கியபடியே கியரைத் தள்ள வேண்டும். மற்றதெல்லாம் வலது கால் பார்த்துக்கொள்ளும்.

மத்தியானம் காமராஜ் வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுபோனான். சாயங்காலம் போன் வந்தது.

"டீச்சர், எஞ்சின் முடிஞ்சிபோச்சு. ஏற்கெனவே ரெண்டு தடவ சிலிண்டரக் கடஞ்சு போர் போட்டாச்சு. இப்ப எஞ்சின் பிளாக்கே வெடிச்சிருக்கு. இனி இதத் தொட முடியாது."

"சரி."

"என்ன டீச்சர், சரிங்கியோ? ஆட்டோமேட்டிக் வண்டி ஒண்ணு வாங்கிருங்க. கிளட்சே கெடையாது. நிம்மதியாப் போலாம்."

சென்னையில் இருக்கும் தம்பி பிரின்ஸும் ராத்திரி அதையேதான் சொன்னான். "அக்கா, ஆட்டோமேட்டிக் வாங்கு. இல்லன்னா வி.ஆர்.எஸ். குடுத்துட்டு வீட்ல இரி. இன்னும் யாருக்காக ஓடுத?"

"ஏலே, வாங்க முடியாமலா இருக்கேன்? இந்த சீட்டு என் இடுப்பு உயரத்துக்கு வெட்டி ஒட்டினது. கதவு எவ்வளவு தெறக்கும், கம்ப எங்கன சாய்ச்சு வைக்கணும், எல்லாம் கை தானாச் செய்யுது. இனி ஒரு புது வண்டிக்கு என்னையப் பழக்க என்னால முடியாதுலே. அலுத்துப்போச்சு."



காமராஜ்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். செங்கோட்டையில் ஒரு வீட்டு முற்றத்தில் தென்னை விழுந்து நசுங்கிய மாருதி ஜென் கார் ஒன்று கிடந்தது. கூரைதான் போயிருந்தது, எஞ்சின் நல்ல எஞ்சின். எண்ணூறுக்கு மூன்று சிலிண்டர், இதற்கு நான்கு. அதையும் அதன் கியர் பெட்டியையும் சேர்த்து எடுத்து வைத்துவிடலாம் என்றான். எஞ்சின் நம்பர் மாறுவதால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு டீச்சர் மூன்று தடவை போய்வந்தாள். மூன்றாம் தடவை பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டாள்.

வேலை பத்து நாள் என்றான். ஐந்து வாரம் ஆனது. எஞ்சின் உட்காரும் தாங்கிகள் பொருந்தவில்லை. அவற்றை அறுத்துப் புதிதாக வெல்டு வைத்தான். ரேடியேட்டரை நகர்த்தினான். சக்கரத்துக்குப் போகும் ஷாப்டுக்கு அலைந்தான். அந்த ஐந்து வாரமும் டீச்சருக்குப் பஸ்தான். பஸ்ஸின் முதல் படி அவள் முழங்காலுக்கு மேலே. கம்பை முதலில் உள்ளே போட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்க வேண்டும். குற்றால சீசன் கூட்டம் வேறு. ஈரத் துண்டும் எண்ணெய் வாசனையுமாக ஆட்கள் படி வரை நின்றார்கள். காலிப்பர் வார் உரசித் தொடையில் புண் வந்தது. வீட்டுக்கு வந்ததும் சோறு பொங்காமல் பன்னைத் தின்றுவிட்டுப் படுத்த நாட்கள் உண்டு.

ஆடி பிறந்து ஒரு சனிக்கிழமை வண்டி தயார் என்றான் காமராஜ். டீச்சர் ஆட்டோவில் போனாள். எஞ்சின் பதறாமல் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து, கியர் பிடியை இறுக்கினாள்.

பிடி பாதிதான் வந்தது. மறுபடியும் இறுக்கினாள். அதற்குமேல் அசையவில்லை.

காமராஜுக்கு முகம் செத்துப்போனது. "கிளட்ச் கனமாயிட்டு டீச்சர். காலால மிதிச்சுப் பாத்தேன், தெரியல. கையால பாக்கணும்னு தோணல எனக்கு."

டீச்சர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். அழுகை வரவில்லை. ஐந்து வாரப் பஸ் படியும் ஒன்றாக வந்து தோளில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. திட்டலாமா என்று நினைத்தாள். அவன் கைவிரலெல்லாம் வெல்டிங் தீப்புண்; அதைப் பார்த்ததும் திட்டவும் மனசு வரவில்லை.

"கேபிள் எங்கன மாட்டியிருக்கு? காட்டு."

அவன் பானெட்டைத் திறந்தான். கியர் பெட்டியில் கேபிள் இழுக்கும் இரும்புக் கை நாலு விரல்கடை நீளம் இருந்தது.

"இதையே நீளமாக்கு. நெம்புகோல்தானே இது."

"நீட்டுனா லேசாயிரும். ஆனா கேபிள் நெறய இழுக்கணும். பிடிய அகலமா வைக்கணும், உங்க வெரலு எட்டணும்லா?"

"தெரியும். வெசை கொறஞ்சா தூரம் கூடும். முப்பது வருசமா அதத்தானே போர்டுல எழுதுதேன். எவ்வளவு எட்டுதுன்னு பாப்போம்."

ஒரு விரல்கடை நீட்டினான்; போதவில்லை. இரண்டு நீட்டினான், பிடி லேசானது, ஆனால் சுண்டுவிரல் எட்டவில்லை. மூன்று சாயங்காலம் அறுப்பதும் ஒட்டுவதுமாகப் போய், ஒன்றரையில் வந்து நின்றது. அப்போதும் பழைய லேசு இல்லை. இருபது தடவை இறுக்கினால் இருபத்தோராவது வலிக்கும்.

"இது போதும், காமராஜு. விட்ரு."

ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஆய்வாளர் குனிந்து பார்த்து எஞ்சின் நம்பரைக் குறித்துக்கொண்டார். ஆர்.சி.யில் அது ஏறியது. அடுத்த வாரம் திங்கட்கிழமை டீச்சர் பள்ளிக்கூடம் கிளம்பினாள். போகப்போகத்தான் ஒன்று பிடிபட்டது. பழைய எஞ்சின் சின்ன ஏற்றத்துக்கும் இரண்டாம் கியர் கேட்கும். இது மூன்றாம் கியரிலேயே முனகாமல் ஏறியது. இலத்தூர் தாண்டி நான்கில் போட்டவள் அச்சன்புதூர் வரை பிடியைத் தொடவேயில்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். முன்பு கிளட்ச் பிடித்ததில் பாதி தடவைகூட இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ராத்திரி மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துத்தான் படுத்தாள். ஆனால் பஸ் படி இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது, மேலகரத்துக்குள் குற்றாலத்துக்குப் போகும் வேன்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஓரடி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு தடவைக்குமேல் கை ஒத்துழைக்கவில்லை. வீடு கூப்பிடு தூரந்தான். டீச்சர் ஒரு லாட்ஜ் வாசலில் வண்டியை ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். கூரையில் சாரல் தட்டிக்கொண்டிருந்தது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். லாட்ஜ் வாட்ச்மேன் அய்யாக்குட்டி, குடையும் கையுமாக.

"என்ன டீச்சர், வண்டி மக்கர் பண்ணுதா? ஆளக் கூப்பிடட்டா?"

"இல்ல அண்ணாச்சி, வண்டி நல்லா இருக்கு. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"அப்போ தூங்குங்க. இந்தக் கூட்டம் கலைய ஒரு மணி நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த வேனை அந்தப் பக்கமாகத் திருப்பிவிட அவர் போனார்.