கைநூலுக்கு ஒரு கோரிக்கைப் படிவம்

பல்லேகமவில் எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு வந்த நாலு சக்கர மோட்டார் சைக்கிள், ஓடவேண்டிய நாளில் முனகக்கூட இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. மாத்தளையிலிருந்து காலையில் வந்த குளிர்ப்பெட்டியில் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து இருந்தது. மழையில் பாதை அறுந்துபோன மலைக்கிராமமொன்றில் மருத்துவமாது தாய்மாரோடும் பிள்ளைகளோடும் காத்திருந்தார். மூன்று மாதமாக அங்கே கிளினிக் நடக்கவில்லை. பெட்டியிலிருந்த ஐஸ் பின்னேரம் வரைதான் தாங்கும்.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். யுத்த காலம், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். வண்டி பகுதி பகுதியாக வந்த மரப்பெட்டியைச் சோதனைச்சாவடியில் பிரித்தபோது, ஒவ்வொரு நட்டுக்கும் நான்தான் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. அதற்காகவே அதன் ஆங்கிலக் கைநூலை முழுவதும் வாசித்தேன். வருத்தமில்லை. அந்த வருடம் எனக்கு வாசிக்கக் கிடைத்த ஒரே புதிய புத்தகம் அது.

வண்டியைப் பொருத்தியவர் எங்கள் ட்ரைவர் நாசர் நானா. ஹேண்டிலையும் சில்லுகளையும் பூட்டி, எஞ்சின் ஒயில் விட்டு, பெட்டரிக்கு அசிட் ஊற்றி, இரண்டு நாள் சார்ஜ் போட்டார். டயர்களுக்கு லொறிக்கு அடிப்பதுபோலக் காற்றடித்திருந்தார். கைநூல் சொன்ன அளவுக்கு நான் சத்தமில்லாமல் இறக்கிவிட்டேன்.

கைநூலோ இரும்பு அலுமாரியில் இருந்தது. சீஃப் கிளார்க் ஐயா அதைப் பொருட்பதிவேட்டில் ஏற்றிப் பூட்டச் சொல்லியிருந்தார். ஒரு ஸ்பேனர் காணாமற்போன நாளிலிருந்து, எழுத்துக் கோரிக்கை இல்லாமல் ஸ்டோரிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

முதல் ஓட்டத்துக்கு ஐயா பார்த்துவைத்த நல்ல நேரம் 9.47. பூசைக்கு டயர்களின் கீழ் தேசிக்காய். பூசை முடியுமுன் ஒருவரும் ஏறக்கூடாது என்பதால் ஐயா பக்கத்தில் நின்றபடியே சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பட்டனை ஒரு விரலால் அமத்தினார். சத்தமில்லை. மறுபடியும் அமத்தினார். தேங்காய் உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயா, இடப்பக்கப் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு அமத்தோணும்" என்றேன்.

"பிரேக் புடிச்சா வண்டி நிக்கும் மிஸ், ஓடாது" என்றார் நாசர் நானா. எல்லோரும் சிரித்தார்கள். தருக்கம் அவர் பக்கம் இருந்தது.

"நீங்க ஸ்டோர்ஸைப் பாருங்க மிஸ். இது பெட்டரி கோளாறுதான்" என்றார் ஐயா. "நாசர், கழட்டுங்க. மாத்தளைக்கு அனுப்பிச் சோதிச்சுப் பார்ப்போம்."

பெட்டரி மாத்தளைக்குப் போனால் மறுநாள்தான் திரும்பும். அதற்குள் மருந்து கெட்டுவிடும்.

ஐயாவைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. எங்கள் பழைய ஜீப் ஒரு ராகுகாலத்தில் புறப்பட்டு அந்த மலைப்பாதையில்தான் உருண்டது. அன்றைய ட்ரைவர் ஒரு காலை இழந்தார். அந்தப் பயணத்துக்கு அனுமதி கொடுத்துக் கையெழுத்திட்டவர் ஐயா.

நான் உள்ளே போய் ஒரு கோரிக்கைப் படிவம் நிரப்பினேன். கோருபவர்: ஸ்டோர் கீப்பர். வழங்குபவர்: ஸ்டோர் கீப்பர். பொருள்: கைநூல் ஒன்று. காரணம்: வாசிப்பதற்கு. முத்திரை குத்தி ஐயாவிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கையெழுத்திட்டார். படிவத்தில் பிழை இல்லை. பூசை முடியும்வரை காத்திருந்த நாசர் நானா அப்போதுதான் பெட்டரியின் முதல் ஸ்க்ரூவில் கை வைத்திருந்தார். நான் அலுமாரியைத் திறந்து, பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து, நான் முன்பு சொன்ன அதே வசனத்தை வாசித்தேன்.

"அப்டியா போட்டிருக்கு?" என்றார் ஐயா. "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மிஸ்! நாசர், ஏறிப் பிரேக்கைப் புடிங்க."

"புடிச்சிட்டேன் ஐயா. என்னத்தச் சொல்ல, காலம் மாறிப்போச்சு."

முதல் அமத்தலிலேயே எஞ்சின் உறுமியது. மணி 10.40. வெள்ளிக்கிழமை ராகுகாலம் தொடங்கிப் பத்து நிமிடம். நாசர் நானா ஐயாவைப் பார்த்தார். ஐயா குளிர்ப்பெட்டியைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போங்க நாசர். ஐஸ் உருகுது. மெதுவாப் போங்க."

அன்று மாலை வரை அவர் வாசலைவிட்டு அசையவில்லை. பொழுதுசாயும் நேரத்தில் சேறு பூசிய வண்டி திரும்பியது. பெட்டி காலி.

"ஊசி போட்ட புள்ளைங்க எல்லாம் அழுதுச்சுங்க ஐயா" என்றார் நாசர் நானா. ஐயாவின் முகத்தில் அன்றுதான் முழுச் சிரிப்பைப் பார்த்தேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கைநூலை வாசியுங்கள், வாசித்ததைச் சொல்லும்போது கையில் முத்திரை குத்திய ஒரு தாளை வைத்திருங்கள். மற்றொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். ஓட்டப் பதிவேட்டில் வண்டி புறப்பட்ட நேரத்தை ஐயா 9.47 என்று எழுதியிருந்தார். அந்த வரிக்குக் கீழே நானும் கையெழுத்திட்டேன்.