எட்டுக் கைநாட்டு

என் மகள் நர்சிங் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். வார்டுப் பயிற்சியோடு ஓர் ஆய்வும் செய்ய வேண்டும். டெல்லியில் தமிழர்கள் வாழும் குடிசைப் பகுதியான மதராசி கேம்பிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் முப்பது பெண்களின் முதுகுவலியைப் பற்றி எடுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு பேரைப் பார்த்து முடித்திருந்தபோது குடிசைகளை இடித்துவிட்டார்கள். சிலர் மாற்று வீடு கிடைத்து நகரின் கோடியிலுள்ள நரேலாவுக்குப் போனார்கள். மற்றவர்கள் போன இடம் தெரியவில்லை.

"இருபத்திரண்டுன்னே எழுதிடறேம்மா. காலேஜ் மேடம் ஒத்துக்கலைன்னா டிகிரி அடுத்த வருஷம்தான்" என்றாள்.

இருபத்தைந்து வருடமாக அமைச்சகத்தில் கோப்பு பார்க்கிறேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும். சனிக்கிழமை அவள் வார்டுக்குப் போனதும் மீதி எட்டுப் படிவங்களையும் நானே நிரப்பினேன். சம்மதம் தெரிவிக்கும் இடத்தில், ஸ்டாம்ப் பேடில் தொட்டு, படிவத்துக்கு ஒரு விரலாகக் கைநாட்டு வைத்தேன். பிறகு சோப்பு போட்டுத் தேய்த்தும் மை முழுக்கப் போகவில்லை.

"நம்ம கிட்வாய் நகருக்கு வேலைக்கு வர்ற கேம்ப் பொம்பளைங்ககிட்ட கேட்டு வாங்கினேன்" என்று அவள் திரும்பியதும் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டாள். முப்பதும் முடிந்தது என்று அப்போதே ஆசிரியைக்கு வாட்ஸப் அனுப்பினாள்.

சாப்பிடும்போது என் கணவர் சிரித்தார். "என்னடி இது, ஒரு ஓட்டுக்கு ஒரு விரல்லதானே மை வைப்பாங்க? நீ எத்தனை ஓட்டு போட்டே?"

மகள் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் படிவங்களை எடுத்து வந்தாள்.

"கையைக் காட்டும்மா."

காட்டினேன்.

"வீடு போகப்போற நேரத்துலயும் அந்த அக்காங்க உக்காந்து பதில் சொன்னாங்க. நீ உக்காந்த இடத்துல எட்டு பேரை உண்டாக்கிட்டே."

"உனக்காகத்தானேடி..."

"பஸ் கரோ மா" என்றாள் இந்தியில். "போதும்."

திங்கட்கிழமை அவளே போய் ஆசிரியையிடம் சொன்னாள். அவர் திட்டவில்லையாம். மீதி இருபத்திரண்டை எப்படி நம்புவது என்று மட்டும் கேட்டிருக்கிறார். அத்தனை பெண்களையும் தேடிப் பிடித்து, அவரோடு ஃபோனில் பேச வைத்தால்தான் ஆய்வு செல்லுமாம். மூன்று வாரம் தந்திருக்கிறார்.

இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஒன்பது பேர் கிடைத்திருக்கிறார்கள். இன்று காலையும் நரேலாவுக்குக் கிளம்பினாள். துணைக்கு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

"நீ வேண்டாம்மா. நீ பக்கத்துல இருந்தா யார் பேசினாலும் மேடம் நம்ப மாட்டாங்க."

கோபமில்லாமல்தான் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடப்பதைப் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.